மேளம் நின்ற வாசல்

“என்னை எங்க பாத்தீங்க?”

“பாக்கவே இல்லையே. கேட்டேன்.”

“கேட்டீங்களா?”

“பூ ராஷித் வீட்டுக் கல்யாணத்துல. ஆம்பளைங்க பக்கம் கஹ்வா குடிச்சிட்டு உக்காந்திருக்கேன். சுவத்துக்கு அந்தப் பக்கம் நீ பாட்டுல ஒரு அடி எடுத்த பாரு, கொதிக்கிற கஹ்வாவை அப்படியே முழுங்கிட்டேன். ரெண்டு நாள் நாக்குல ருசியே இல்ல. எங்கம்மாகிட்ட போய், கட்டினா அந்தத் தொண்டையத்தான் கட்டுவேன்னு சொல்லிட்டேன்.”

“தொண்டையக் கட்டிக்கிட்டீங்க, சரி. மிச்சத்தை என்ன பண்றதா உத்தேசம்?”

“மிச்சம் கூடவே வந்தது. இருந்துட்டுப் போகட்டும்.”

“வெள்ளிக்கிழமை ஹித் ஊர்ல ஒரு கல்யாணமாம். தாஜிபாவோட அம்மா ஆள் அனுப்பியிருக்காங்க. நான் வந்தாத்தான் பொண்ணு தலைமேல துணி பிடிப்பாங்களாம்.”

“வேண்டாம் தர்ஃபா. ஸனத் பொண்டாட்டி வீடு வீடாப் போய்ப் பாடறாம்பாங்க. ஒரு வீட்டுக்கு ஒரு தொண்டை போதும்.”

சிரித்துக்கொண்டேதான் சொன்னான். அவளும் சிரித்தாள். கையில் மருதாணிச் சிவப்புகூட மாறாத பெண் வேறென்ன செய்வாள்? அடுத்த வாரம் மனசு மாறிவிடும், அதற்கடுத்த வாரம் அவனே கூப்பிட்டுப் போய் வா என்பான் என்று இருந்தாள். அப்படி இருந்தே தலை நரைத்துவிட்டது.

முஹர்ரக் ஊரின் அந்தச் சந்துகளில் அன்றைக்கு தர்ஃபாவின் குரலைத் தெரியாதவர்கள் கிடையாது. மணப்பெண்ணை நடுவில் உட்காரவைத்து, தலைக்கு மேல் பச்சைப் பட்டுத் துணியை நாலு பெண்கள் பிடித்துக்கொள்வார்கள். பாட்டு ஏறும்போது துணியும் ஏறும், இறங்கும்போது இறங்கும். தாஜிபாவின் அம்மா நடத்திய மேளக் கூட்டத்தில் அந்தப் பாட்டை எடுத்துக் கொடுப்பவள் தர்ஃபாதான். அவள் அடி எடுத்தால், துணிக்குக் கீழே இருக்கிற பெண்ணுக்குப் பிறந்த வீட்டை விட்டுப் போகிறோம் என்கிற நினைப்பு முதன்முதலாக வரும், அழுதுவிடுவாள் என்று சொல்வார்கள்.

ஸனத்துக்கும் தொண்டைதான் பெயர் வாங்கிக் கொடுத்தது. அவருடைய தகப்பனார் முத்துக்குளிக்கும் கப்பலில் பாட்டுக்காரர். நங்கூரம் இழுக்கும் கைகள் ஓய்ந்துபோகாமல் பாடுவது அவர் வேலை. கப்பல்கள் போய்விட்டன, பாட்டு கரையேறிவிட்டது. வியாழக்கிழமைதோறும் ஆண்கள் பாட்டுக்கூடத்தில் கூடுவார்கள். ஸனத் உச்சத்தில் பாட, மற்றவர்கள் கிணற்றுக்குள்ளிருந்து வருகிற மாதிரி அடிக்குரலில் முனகுவார்கள். மண்பானையைத் தட்டுகிறவர்கள் தட்டுவார்கள். பெண்களுக்கு அங்கே வேலையில்லை. அவருடைய வெள்ளை அங்கிக்குச் சாம்பிராணி காட்டி அனுப்பி வைப்பதோடு தர்ஃபாவின் வியாழக்கிழமை முடிந்துவிடும்.

ஒரே ஒரு பிள்ளை பிறந்தான், ஃபலாஹ். ஒரு கோடைகூடத் தாங்கவில்லை. ஊர் வழக்கப்படி பிள்ளையின் பேரைச் சொல்லித்தான் இன்றைக்கும் எல்லோரும் ஸனத்தை ‘பூ ஃபலாஹ்’ என்றும், அவளை ‘உம்மு ஃபலாஹ்’ என்றும் கூப்பிடுகிறார்கள். பிள்ளை போய்விட்டான், பேர் மட்டும் அப்பா அம்மாவின் மேல் ஒட்டிக்கொண்டு நின்றுவிட்டது. அவன் இருந்தபோது ஒரு சாயங்காலம் தாலாட்டில் கொஞ்சம் குரலை உயர்த்திவிட்டாள். முன்னறையில் விருந்தாளிகள் இருந்தார்கள். ஸனத் கதவருகே வந்து, புன்சிரிப்போடு, உதட்டின் மேல் விரலை வைத்துக் காட்டிவிட்டுப் போனார். அதற்குப் பிறகு பிள்ளையும் போனதில், தாலாட்டுக்கும் தேவையில்லாமல் போயிற்று.

கெட்டவர் என்று அவரைச் சொல்ல முடியாது. ஒரு நாள் கை ஓங்கியதில்லை, இன்னொருத்தியைத் திரும்பிப் பார்த்ததில்லை. பிள்ளை இல்லையே, வேறு கல்யாணம் பண்ணிக்கொள் என்று சொந்த அக்காவே வந்து சொன்னபோது, அவளுக்கு ஒரு கோப்பை கஹ்வாவைக் கொடுத்து அனுப்பி வைத்தவர். அதனால்தான் தர்ஃபாவால் சண்டைகூடப் போட முடியவில்லை. மனசுக்குள் ஒரே ஒரு ஆசையை மட்டும் பூட்டி வைத்துக்கொண்டாள். மூடியவரே திறக்க வேண்டும். ‘பாடு’ என்று அவர் வாயால் ஒரு தடவை கேட்க வேண்டும். தானாகப் பாடினால் அது திருட்டு. கெஞ்சிக் கேட்டு வாங்கினால் அது பிச்சை. அவர் கேட்டால் மட்டும்தான் அது பாட்டு.

இப்போது ஸனத்தின் இதயம் ஓய்ந்துகொண்டிருந்தது. நெஞ்சில் நீர் கோத்துக்கொள்கிறது, இனி இங்கே வைத்துக்கொள்வதில் பயனில்லை என்று ஆஸ்பத்திரியில் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். படுத்தால் மூச்சு முட்டும். அதனால் சந்துப் பக்கம் பார்த்த முன்னறையில் கட்டிலைப் போட்டு, நாலைந்து தலையணையில் சாய்த்து உட்கார வைத்திருந்தாள். தூசி பட்டால் இருமல் வந்துவிடும் என்று ஜன்னலின் மரக்கதவை எப்போதும் மூடியே வைத்திருந்தார்கள். கூடத்தையே நிறைத்த குரல், பக்கத்தில் குனிந்தால்தான் கேட்கிற நூலாகிவிட்டது.

வீட்டுக்கு வந்த மூன்றாம் நாளோ நாலாம் நாளோ, சமையலறையில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தபோது, தர்ஃபாவுக்கு ஒரு வேகம் வந்தது. கேட்கிறாரோ இல்லையோ, மனுஷர் போகிறார், நாமே பாடிவிடுவோம், மானமாவது ஒன்றாவது என்று தோன்றியது. தண்ணீரைத் திறந்துவிட்டுக்கொண்டு, அந்தப் பச்சைத் துணிப் பாட்டின் முதல் அடியை எடுத்தாள்.

வரவில்லை. முதலில் வெறும் காற்று வந்தது. அழுத்திப் பார்த்தாள். துருப்பிடித்த கீல் மாதிரி ஏதோ ஒன்று கீறிக்கொண்டு வந்து, பாதியில் இரண்டாகப் பிளந்து நின்றது. இன்னொரு தடவை முயன்றாள். அதுவும் அப்படியே. குரல் என்பது அலமாரியில் மடித்து வைத்த புடவை இல்லையே, வேண்டும்போது எடுத்து உடுத்திக்கொள்ள. போட்டது போட்டபடி கிடந்து அது எப்போதோ இற்றுப்போயிருந்தது. என்றைக்கு என்றுகூட அவளுக்குத் தெரியாது.

“தர்ஃபா, அது என்ன சத்தம்?” என்று முன்னறையிலிருந்து மெல்லிய குரல் கேட்டது.

“தண்ணி மோட்டார்.”

“எண்ணெய் விடச் சொல்லு. பாவம், அழுவுது.”

அவள் குழாயை மூடிவிட்டு, ஈரக் கையோடு வெகுநேரம் அங்கேயே நின்றாள். அன்றைக்கு ராத்திரிச் சாப்பாட்டை அவள் தொடவில்லை. வயிறு சரியில்லை என்று சொல்லிவிட்டாள். இனி அவர் கேட்டாலும் கொடுப்பதற்குக் கையில் ஒன்றுமில்லை. ஆனாலும், இத்தனை வருஷம் வேண்டிய வேண்டுதலைச் சட்டென்று நிறுத்தவும் அவளுக்குத் தெரியவில்லை. ஒவ்வொரு தொழுகையிலும் நாக்கு தன்னால் அங்கேயே போய் நின்றது.

இப்படி இருக்கும்போதுதான் மீன்கடை மர்ஸூக்கின் மகன் கல்யாணம் வந்தது. மாப்பிள்ளை ஊர்வலம் வியாழக்கிழமை பிற்பகல் அஸர் தொழுகைக்குப் பிறகு இந்தச் சந்து வழியாகத்தான் பெண் வீட்டுக்குப் போகும் என்று ஸனத்துக்கு யாரோ சொல்லிவிட்டார்கள். அன்றிலிருந்து அதே பேச்சு.

“யாரு மேளம்?”

“தாஜிபாதான். அவங்கம்மாவுக்கப்புறம் அவதான நடத்தறா.”

“நம்ம ஜன்னலைத் தாண்டித்தான போகும்?”

“தாண்டித்தான் போகும்.”

“நல்லாக் கேக்குமா?”

“காதடைக்கிற மாதிரி கேக்கும். போதுமா?” என்றாள். குரலில் ஏறிய கசப்பை அவர் கவனித்த மாதிரி தெரியவில்லை. ஊரான் வீட்டுப் பெண்கள் பாடிக்கொண்டு ஜன்னலைத் தாண்டுவதற்காக மனுஷர் மூச்சைச் சேமித்து வைக்கிறார். பக்கத்திலேயே ஒருத்தி உட்கார்ந்து கால் பிடித்துவிடுகிறாள், அவளிடம் ஒரு சொல் கேட்கத் தோன்றவில்லை. அவளுக்கு வயிறு எரிந்தது. எரிந்துகொண்டேதான் அவருக்காக ஓடியாடிக் காரியமும் செய்தாள்.

பாட்டுக்கூடத்தில் பெரிய மேளம் வாசிக்கும் ஜும்ஆவைக் கூப்பிட்டனுப்பினாள். “கூடத்து ஆளுங்களை வியாழக்கிழமை இங்க வரச் சொல்லுங்க. அவரால அங்க வர முடியல. மேளம் வரும்போது பழைய ஆளுங்க பக்கத்துல இருந்தா அவருக்குத் தெம்பா இருக்கும்.”

“நீ கஹ்வா போடுவியா, உம்மு ஃபலாஹ்?”

“போடறேன்.”

“பேரீச்சம்பழம்?”

“அதுவும் உண்டு.”

“அப்ப பொணம்கூட எந்திரிச்சு வரும்,” என்றார் ஜும்ஆ. சொன்ன பிறகுதான் எந்த வீட்டில் நிற்கிறோம் என்று உறைத்தது. தொண்டையைச் செருமிக்கொண்டு, “நாக்கா இது, செருப்பு,” என்று தன்னையே திட்டிக்கொண்டு போனார்.

வியாழக்கிழமை வந்தது. சின்ன அறைக்குள் கூட்டம் சேர்ந்தால் அவருக்கு மூச்சு முட்டும். அதனால் பக்கத்து வீடுகளில் வெள்ளை பிளாஸ்டிக் நாற்காலிகளை இரவல் வாங்கி, ஜன்னலுக்கு வெளியே சுவரோரம் வரிசையாகப் போட்டு வைத்தாள். கஹ்வா கூஜாவையும் பேரீச்சம்பழத் தட்டையும் ஒரு ஸ்டூலில் வைத்தாள். கூடத்து ஆட்கள் துவைத்த அங்கியும் தலைத்துணியுமாக வந்து, ஒவ்வொருவராக உள்ளே போய் ஸனத்தின் நெற்றியில் முத்தமிட்டுவிட்டு வெளியே வந்து உட்கார்ந்தார்கள்.

ஜும்ஆ மட்டும் கட்டில் ஓரத்தில் சற்று நேரம் உட்கார்ந்தார். “பூ ஃபலாஹ், உன் எடத்துல என்னைப் பாடச் சொல்றானுங்கடா.”

“பாடேன்,” என்றார் ஸனத்.

“பாடினேன். போன வாரம். பூனையெல்லாம் வந்து சாட்சி சொல்லிட்டுப் போச்சு.”

ஸனத்தின் தோள்கள் குலுங்கின. சிரிப்பு இருமலாக மாறவும், தர்ஃபா ஜும்ஆவை முறைத்து வெளியே அனுப்பினாள். “எல்லாரும் சத்தம் போடாம இருங்க. தூரத்துல வரும்போதே அவருக்கு மேளம் கேக்கணும்.” சொன்ன சொல்லைத் தட்டாமல் அத்தனை பேரும் வாயை மூடிக்கொண்டு, தரையைப் பார்த்தபடி கஹ்வாவை உறிஞ்சிக்கொண்டிருந்தார்கள்.

முதலில் மேளம்தான் கேட்டது, கடல் பக்கத்திலிருந்து. பிறகு கைதட்டல், பிறகு குலவை. ஸனத் தலையணையிலிருந்து முதுகை எடுத்து நிமிர்ந்தார். போர்வையின் மேல் விரல்கள் தாளத்தைப் பிடித்துக்கொண்டன. முகத்தில் ரத்தம் ஓடுகிற மாதிரி இருந்தது.

“மீன்கடைச் சந்து திரும்பிட்டாங்க,” என்றார்.

“ம்.”

“இப்ப மசூதி. இப்ப நம்ம...”

மேளம் நின்றது.

தேய்ந்து நிற்கவில்லை, யாரோ கையைப் பிடித்து நிறுத்தின மாதிரி நின்றது. குலவை பாதியில் அறுந்தது. அதற்குப் பிறகு கேட்டதெல்லாம் காலடிச் சத்தம்தான். நிறைய காலடிகள், மெதுவாக, ஒதுங்கி ஒதுங்கி.

தர்ஃபாவுக்கு ஒன்றும் புரியவில்லை. வாசல் கதவைப் பாதி திறந்து பார்த்தாள். சந்து முனையில் மாப்பிள்ளை தலை குனிந்து நிற்கிறான். பெண்கள் மேளத்தைக் கீழே இறக்கிக் கையால் தோலை அமுக்கிக்கொண்டிருக்கிறார்கள். எதற்கு என்று ஒரு கணம் திகைத்தாள். பிறகு, அவர்கள் கண்ணால் தன் வாசலைத் தானே பார்த்தாள். உடம்பு முடியாதவன் வீடு. வெளியே வரிசையாக வெள்ளை நாற்காலி. துவைத்த அங்கியில் ஊர்ப் பெரியவர்கள். கஹ்வா, பேரீச்சம்பழம். ஒருத்தர் முகத்திலும் பேச்சு இல்லை. போதாக்குறைக்கு, மாப்பிள்ளைக்கு மரியாதை செய்வதாக நினைத்து ஜும்ஆ எழுந்து நிற்க, அவரைப் பார்த்து அத்தனை பேரும் துக்கம் கேட்க வருகிறவர்களை வரவேற்பது போல எழுந்து நின்றுவிட்டார்கள்.

இழவு வீட்டைக் கல்யாண மேளம் சத்தமில்லாமல்தான் தாண்ட வேண்டும். அந்த ஊரில் குழந்தைக்கும் தெரிந்த மரியாதை அது.

அவள் வாயைத் திறப்பதற்குள் தாஜிபா கூட்டத்தை விட்டு ஓடி வந்தாள். பாதித் திறந்த கதவையோ, அதன் பின்னால் நின்றவளையோ அவள் பார்க்கவில்லை. நேரே ஜன்னலுக்குப் போய், மூடியிருந்த மரக்கதவின் மேல் உள்ளங்கையை வைத்தாள். அழத் தொடங்கினாள்.

“அக்கா, தர்ஃபாக்கா. அல்லாஹ் உனக்குப் பொறுமையைக் கொடுக்கட்டும். உன் பொறுமைக்குக் கூலியைப் பெருசாக்கட்டும். நல்ல மனுஷன். எங்களுக்கு யாருமே சொல்லலையே அக்கா. தெரிஞ்சிருந்தா இந்தச் சந்துலயே நுழைஞ்சிருக்க மாட்டோமே.”

ஜன்னலுக்கு அந்தப் பக்கம், ஒரு கை தூரத்தில் ஸனத் உட்கார்ந்திருந்தார்.

“தாஜிபா,” என்றாள் தர்ஃபா, கதவருகிலிருந்து. “அவர் முழிச்சிட்டுத்தான் இருக்கார்.”

தாஜிபா திரும்பிப் பார்த்தாள். நாற்காலிகளைப் பார்த்தாள், ஜும்ஆவைப் பார்த்தாள். ஜும்ஆவுக்கு ஒரு காது மேளத்துக்குப் போய் வெகுகாலமாயிற்று. “என்ன சொன்னா? என்ன சொன்னா?” என்று பக்கத்து ஆளைக் கேட்டுக்கொண்டிருந்தார். தாஜிபா ஜன்னலிலிருந்து கையை நெருப்பைத் தொட்ட மாதிரி எடுத்துக்கொண்டாள்.

“ஐயோ அக்கா. என் வாயில மண்ணு. திரும்ப அடிக்கச் சொல்றேன், இப்பவே, இங்கயே நின்னு...”

பெண்களைப் பார்த்துக் கையைக் காட்டினாள். ஒருத்தி மேளத்தைத் தூக்கினாள். இரண்டு அடி விழுந்தது, மூன்றாவது விழவில்லை. துக்கம் சொன்ன வாசலில், அந்த ஈரம் காய்வதற்குள் குலவையிட யாருக்கும் நாக்கு எழவில்லை. மாப்பிள்ளையின் அம்மா முகத்தை மூடிக்கொண்டு, “சகுனம் கெட்டுப்போச்சு, சீக்கிரம் நடங்க,” என்று கூட்டத்தைத் தள்ளினாள். அவளைச் சொல்லியும் குற்றமில்லை.

“போ தாஜிபா. பையன் நிக்கறான் பாரு. போ,” என்றாள் தர்ஃபா.

அவர்கள் போனார்கள். அடுத்த சந்து திரும்பிய பிறகு மேளம் மறுபடி எழுந்தது. தூரத்தில், வேறு யாருடைய வாசலுக்காகவோ.

ஜும்ஆவுக்கு விஷயம் புரிந்தபோது அவர் அப்படியே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். உள்ளே போகத் தைரியம் வரவில்லை. “நான் எந்திரிச்சதுதான் தப்பு, உம்மு ஃபலாஹ். நான்தான் முதல்ல எந்திரிச்சேன்.”

“நாற்காலி போட்டது நான்,” என்றாள் அவள். “போய்ட்டு வாங்க.”

அவர்கள் கஹ்வாக் கோப்பைகளைக் கவிழ்த்து வைத்துவிட்டு, ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் கலைந்து போனார்கள். அதுவும் இழவு வீட்டிலிருந்து போகிற மாதிரிதான் இருந்தது.

தர்ஃபா உள்ளே வந்தாள். ஸனத் மறுபடி தலையணையில் சாய்ந்திருந்தார். போர்வையின் மேல் விரல்கள் அசையவில்லை. மரக்கதவின் இடுக்கு வழியாக வந்த சாயங்கால வெயில் அவர் கழுத்தில் கோடு கோடாகக் கிடந்தது.

“நான் பண்ணின வேலை,” என்றாள். “உங்களுக்காகத்தான் கூப்பிட்டேன். இப்படி ஆகும்னு...”

“நல்ல மனுஷன்னு சொன்னா. கேட்டியா?”

“பேசாதீங்க. மூச்சு வாங்குது.”

“செத்தப்புறம்தான் இதெல்லாம் சொல்வாங்க. எனக்கு உசுரோட கேக்கக் கொடுத்து வெச்சிருக்கு.” சிரிக்கப் பார்த்தார், வரவில்லை. பிறகு, “இந்த மேளத்தை எதுக்கு அத்தனை தடவை கேட்டேன்னு நெனச்ச?” என்றார்.

“மேளம் கேக்கத்தான்.”

“மேளம் எங்க கூடத்துலயே இருக்கு. அந்தக் கூட்டம், தர்ஃபா. நீ இருந்த கூட்டம். அவங்க நம்ம ஜன்னல்கிட்ட வந்து பாடும்போது, அந்தச் சாக்குல உன்கிட்ட ஒண்ணு கேட்டுடலாம்னு இருந்தேன். சும்மா கேக்க வாய் வரல.”

போர்வையைச் சரிசெய்துகொண்டிருந்த தர்ஃபாவின் கை அப்படியே நின்றது. அவர் என்ன கேட்கப் போகிறார் என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது. இத்தனை வருஷமாக எந்தச் சொல்லுக்காக நெற்றி தேய விழுந்து வேண்டினாளோ, அந்தச் சொல் அவருடைய நெஞ்சிலிருந்து கிளம்பி மேலே வந்துகொண்டிருந்தது. அது வரக்கூடாது என்று வேண்டினாள். ‘யா அல்லாஹ், இவர் இருமட்டும், தூங்கட்டும், யாராவது கதவைத் தட்டட்டும்.’

“மாத்திரை நேரமாச்சு,” என்றாள். “தண்ணி கொண்டாறேன்.”

“இரு.”

“ரெண்டு வாய் கஞ்சியாவது...”

அவர் அவள் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். பிடியில் வலுவே இல்லை, ஒரு பிள்ளை பிடிக்கிற மாதிரி இருந்தது. ஆனாலும் அவளால் விடுவித்துக்கொள்ள முடியவில்லை.

“முதல்ல பெருமை விடல. அப்புறம் வெக்கம். வருஷம் ஏற ஏற வெக்கமும் ஏறிடுச்சு. எந்த முகத்தை வெச்சுக்கிட்டு இவகிட்ட இப்பப் போய்க் கேக்கறதுன்னு...” மூச்சு நின்று, திரும்ப வந்தது. “இன்னைக்குத்தான் என்னை அடக்கம் பண்ணிட்டாங்களே. பொணத்துக்கு என்ன வெக்கம்?”

“பேசாதீங்க. உங்க கால்ல விழறேன், இன்னைக்கு வேண்டாம்.”

அவர் காதில் அது விழவில்லை. கண்ணை மூடிக்கொண்டார். அடுத்த அறையிலிருந்து வருவது எதையோ கேட்கத் தயாராகிறவர் மாதிரி, தலையை அவள் பக்கம் லேசாகச் சாய்த்துக்கொண்டார்.

“தர்ஃபா,” என்றார் ஸனத். “எனக்காக ஒரே ஒரு பாட்டுப் பாடு.”